விழாத எடை

கண்ணாடியை மாற்றச் சொல்லித் தங்கை ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். நான்தான் மாற்றவில்லை. அதற்காக எனக்குக் கண் தெரியாது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அன்று திரையில் இருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

லிஃப்ட் அறுந்து விழுந்தால் அடியில் தாங்கிக்கொள்ளும் தாங்கிகளைச் செய்கிறவர்கள் நாங்கள். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் போட்டு விழவைத்துப் பார்ப்போம். தாங்கியைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அதை மாடலுக்கு நேரடியாகக் கொடுத்துவிடுவோம். விழுகிற பொருள் ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மென்பொருள் ஏனென்று கேட்காது.

தங்கையின் கணவரை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். பக்கத்து நாற்காலி. என் டப்பாவிலிருந்துதான் சாப்பிடுவார். ஒருநாள் முதலாளியின் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே மாப்பிள்ளையின் குரல்.

"மச்சானுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல சார். மாடல் போடற வேலைய எங்கிட்ட குடுத்துடுங்க. அவர் சரிபார்த்தா போதும்."

அன்று மதியமும் என் டப்பாவிலிருந்துதான் சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன். யாரையும் பசியோடு விடுவது எனக்குப் பழக்கமில்லை.

அவர் போட்ட முதல் மாடல் என்னிடம் வந்தது. லிஃப்ட் பெட்டிக்கு வேகம் கொடுத்திருந்தார். உள்ளே ஆட்களுக்குப் பதிலாக வைத்த எடைக்குக் கொடுக்க மறந்திருந்தார். ஓடவிட்டால் பெட்டி மட்டும் கீழே போனது. எடை அந்தரத்தில் நின்றது. வெறும் பெட்டிக்கு அந்தத் தாங்கி தாராளம்.

"என்ன மச்சான், மானம் தப்புமா?"

"கச்சிதம் மாப்பிள்ளை."

முதல் முயற்சியிலேயே ஒருவரின் மனத்தை நோகடிக்கக் கூடாது.

அந்தக் கணக்கின்படியே தாங்கி தயாரானது. சோதனைக்கூடத்தில் நிஜ எடையை ஏற்றிப் பெட்டியை மேலே தூக்கினார்கள். எல்லோரும் கம்பி வலைக்குப் பின்னால் போனோம். மாப்பிள்ளை மட்டும் தயங்கினார்.

"நானும் அங்க வரணுமா மச்சான்? கிட்ட நின்னு பார்க்கலாம்னு ஆசை."

"உங்க கணக்குதானே. உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

சிரித்துக்கொண்டே முன்னால் போய் நின்றார். ஆபரேட்டர் அவரைக் கூப்பிட வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன். தாங்கி உடைந்து தெறித்தது. அவர் அதிக நேரம் கஷ்டப்படவில்லை. கடவுள் அந்த அளவுக்குக் கருணை காட்டினார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனால், என் மேஜையில் புதிதாக ஓர் அகலத் திரை இருந்தது.

"உங்க மாப்பிள்ளை கேட்டதுதான்," என்றார் முதலாளி. "உங்க கண்ணு இன்னும் கெட்டுடக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். முன்னாடியே தெரிஞ்சா வேண்டாம்னுடுவீங்களாம். மூச்சு விடாதீங்கன்னார்."

அந்தத் திரையில் அவருடைய மாடலைத் திறந்து பார்த்தேன். எடை அசையாமல் நிற்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது தினமும் தங்கைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என்னைப் போல் ஓர் அண்ணன் யாருக்கும் கிடைக்கமாட்டான் என்கிறாள். எனக்குத்தான் ஒரு விஷயம் ஆறவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.