முகர்ந்து பார்க்காத காலை

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் பூரிப்போடு சொன்னார்:

"இன்னிக்கு எம்பொண்டாட்டி என் வாய மோந்து பாக்கல மச்சான்!"

"ஏன், சண்டையா?"

"அட இல்லப்பா. குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டுனன்ல? கோர்ட்டுல லைசென்ஸப் புடிச்சி வச்சிகிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயி குடிய நிறுத்த வைத்தியம் பாருன்னுட்டாங்க. அன்னிலேர்ந்து வாரா வாரம் இதே பஸ்ஸுலதான் கடலூர் போறேன். வீட்ட விட்டுப் போகும்போதும் வரும்போதும் வாசப்படியில நின்னுகிட்டு 'ஊதுங்க'ம்பா. மோந்து பாத்துட்டுத்தான் வழி விடுவா."

"சரி."

"நேத்து லைசென்ஸ் திரும்பி வந்துடுச்சி. காலைல நான் ஊதறதுக்கு வாயத் தொறந்துகிட்டு நிக்கிறேன். 'போதும், போயிட்டு வாங்க'ன்னு சிரிச்சிகிட்டே வண்டி சாவிய கையில குடுத்துட்டா!"

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார். நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வண்டி எங்க மச்சான்?"

அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"வாசல்லயே நிக்குதுடா! பழக்கத்துல பஸ் ஏறிட்டேன்!"

அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர், சிரிப்பை அடக்க முடியாமல் நண்பர் பக்கம் திரும்பினார்.

"'குடிச்ச நாள்லகூட வண்டிய மறந்துட்டுப் போனதில்லியே நீங்க'ங்கறா!"