அந்தச் சாப்பாட்டுப் பக்கம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்களில் ஒரு மத்தியானம், கச்சிராயபாளையம் போகும் பஸ், ரோட்டில் வெட்டிப்போட்டிருந்த புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது. எனக்கு முன்சீட்டில், ஆஸ்டலை மூடிவிட்டதால் மலையிலிருக்கும் தன் ஊருக்குத் திரும்பும் கல்லூரிப் பெண் ஒருத்தி இங்கிலீஷ் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வடக்கனந்தல்கார அம்மா ஒருவர்.

“இன்னாம்மா, அப்பத்திலேர்ந்து ஒரே பக்கத்தப் பாத்துக்கினு இருக்க?”

“இதுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடறாங்கக்கா. அந்த எடம் வந்தா திரும்பத் திரும்பப் படிப்பேன்.”

“இன்னா சாப்புடறாங்க?”

“ரொட்டி, கறி. ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கினு சாப்புடறாங்க.”

“தமிழ்ல கத படிக்க மாட்டியா?”

“தமிழ்ல படிச்சா எங்க வூட்டு நெனப்பு வந்துடுதுக்கா. இங்கிலீஷ்ல அழுக வர்றதில்ல.”

“ஆஸ்டல்ல கூட்டாளிப் பொண்ணுங்க இல்லியா?”

“நான் பேசினா மலைப்பேச்சுன்னு சிரிக்கிறாங்க. இங்கிலீஷ்ல பேசினா அதுக்கும் சிரிக்கிறாங்க. தட்ட எடுத்துக்கினு ரூமுக்குப் போயிடுவேன்.”



மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டதும் பஸ் கிளம்பியது. இன்றைக்கு மலைக்கு பஸ் போகாது என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். வடக்கனந்தலில் அந்த அம்மா எழுந்து, பெண்ணின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார்.

“எறங்கு. எங்க வூட்ல இருந்துட்டு காலைல போய்க்கலாம்.”

“வேணாங்கக்கா. எனக்கு யார்கிட்டயும் பேச வராது.”

“சாப்புடறதுக்கு இன்னாத்துக்குப் பேச்சு? வா.”

பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு அவர் பின்னால் இறங்கிப் போனாள்.