உத்தரவிட மறுத்த தளபதி

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அம்மையார் அவர்களே! மேடையை அணிசெய்யும் மருத்துவப் பெருமக்களே! நரைத்த தலையோடும் நிறைந்த நெஞ்சோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு, சீருடை மாற்றவும் நேரமின்றி ஓடிவந்திருக்கும் செவிலியத் தாய்மார்களே! வண்டி கழுவிய ஈரக் கையோடு வாசலில் நிற்கும் என் ஓட்டுநர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் வணக்கம்.

யாரப்பா அங்கே "சுருக்கமா பேசு" என்பது? சைரனோடு போட்டி போட்டு வளர்ந்த தொண்டை தம்பி இது, சட்டென்று அணையாது!

அதோ, மேடையின் ஓரத்தில், தன்னைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்று தெரிந்து தலையைக் குனிந்திருக்கிறாரே, அவர் நம் நாட்டுப் படையின் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்று நம் பேரிடர்க் குழுவின் ஆலோசகர். அவருடைய பணிக்காலம் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குத்தான் இந்த விழா. ஆனால் வெளியே சிலர் கேட்கிறார்கள்: துப்பாக்கி பிடித்த கைக்கு மருத்துவமனையில் என்ன வேலை? நல்ல கேள்வி. நானும் முதல்நாள் அதையேதான் கேட்டேன்.

பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவர். பீரங்கியோடு போனாரா? போர்விமானத்தில் பறந்தாரா? இல்லை ஐயா, இல்லை! லாரியோடு போனார்! மலைப்பாதையில் மாவு மூட்டைகளையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிச் சென்ற வண்டிகளுக்குப் பொறுப்பாளர். அங்கிருந்து கேப்டன், மேஜர், கர்னல். பிறகு எல்லைப் படையின் வழங்கல் பிரிவுத் தலைவர். அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். கடைசியில் படைக்கே துணைத் தலைவர். நாற்பது ஆண்டுகள்! அவர் நட என்றால் நடக்கவும் நில் என்றால் நிற்கவும் பல்லாயிரம் பேர்!

அப்படிப்பட்டவர் இங்கே வந்த முதல்நாள் என்ன செய்தார் தெரியுமா? ஸ்ட்ரெச்சர்களை எண்ணினார். "இதுல எத்தனை உருளும்? எத்தனையை இழுத்தாத்தான் வரும்? லிஃப்ட்ல ஒரு கட்டிலை ஏத்த எத்தனை நிமிஷம்?" வார்டு வார்டாகக் கேட்டார், வாட்ச்மேனையும் விடாமல் கேட்டார். ஒரே வாரத்தில் நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்: எத்தனை ஐயா! சிரிக்கிறீர்களா? அவரும் சிரிக்கிறார், பாருங்கள். அவருக்கு எப்போதோ தெரியும்.

பெருமழை பெய்த அந்த நாளுக்கு வருகிறேன். காலை பத்து மணி. மேலே உள்ள அணையின் மதகுகளை மாலைக்குள் திறக்க நேரலாம் என்று செய்தி வந்தது. நம் தீவிர சிகிச்சைப் பிரிவு தரைத்தளத்தில். ஜெனரேட்டரோ அதற்கும் கீழே; அது மூழ்கினால் மாடியிலும் மின்சாரம் இருக்காது. அறுபத்து நான்கு நோயாளிகள். அவர்களில் பதினோரு பேர் செயற்கை சுவாசத்தில். இயக்குநர் அம்மாவின் அறையில் அவசரக் கூட்டம். வண்டிகளுக்குப் பொறுப்பு என்பதால் நானும் கதவோரம் நின்றேன்.

நகர்த்தினால் வழியிலேயே உயிர் போகலாம். நகர்த்தாவிட்டால் வெள்ளம் வரலாம், வராமலும் போகலாம். நிர்வாக அதிகாரி கையைப் பிசைந்தார். "மேலிடத்துக்கு ஃபோன் பண்ணியிருக்கேன் மேடம். எழுத்துல உத்தரவு வரட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலைதான் உருளும்."

இயக்குநர் அம்மா ஆலோசகரைப் பார்த்தார். "சார், நீங்க பெரிய படையையே நடத்தினவர். நீங்களே ஒரு உத்தரவு போட்டுடுங்களேன்."

போட்டிருந்தால் நாங்கள் அத்தனை பேரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்திருப்போம்! ஆனால் அவர் தலையை ஆட்டினார். "உத்தரவு போடற நாற்காலி உங்களோடதும்மா. நான் யோசனை சொல்ல வந்தவன். என்னோட யோசனை, இப்பவே கிளம்பணும். ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க."

நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"கர்னலா இருந்தப்போ ஆத்தோரம் ஒரு கூடார ஆஸ்பத்திரி என் பொறுப்புல இருந்துச்சு. தண்ணி ஏறுது. வண்டி இருக்கு, ஆள் இருக்கு. எழுத்துல உத்தரவு வரட்டும்னு நாலு மணி நேரம் காத்திருந்தேன். உத்தரவும் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள ரோடு போயிடுச்சு. ஏழு பேரைத் தண்ணிக்குப் பறிகொடுத்துட்டேன். விசாரணையில என்மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க. மிச்சப் பேரைக் காப்பாத்தினதுக்குப் பதக்கமும் குடுத்தாங்க. அந்த ஏழு பேரோட பேரும் எனக்கு இன்னிக்கும் மனப்பாடம்."

அன்பிற்குரியவர்களே! வெற்றியைச் சொல்ல வாய் போதும். பதக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பிழையைச் சொல்ல எவ்வளவு பெரிய நெஞ்சு வேண்டும்! அந்த நெஞ்சுக்குத்தான் நாம் இன்று விழா எடுக்கிறோம்.

இயக்குநர் அம்மா அடுத்த நொடியே பேனாவை எடுத்தார். அம்மா, முறைக்காதீர்கள்! மூடியைக் கழற்றாமலே எழுதப் போனதைச் சொல்ல மாட்டேன். அவசரக் கைதான், ஆனால் கையெழுத்துப் போட்ட கை!

மேட்டுப் பகுதி மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோக வேண்டும். எத்தனை ஐயா வரைபடத்தை விரித்துப் பெரிய சாலையில் கோடு போட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. "சார், அது வேணாம். பாலத்துக்கு அடியிலதான் முதல்ல தண்ணி நிக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னாடி ரோடு குறுகல்தான், ஆனா மேடு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்க வண்டி திரும்புமா?" "கண்ணை மூடிட்டுத் திருப்புவேன் சார்." "கண்ணைத் திறந்துக்கிட்டே திருப்புங்க" என்று சொல்லி, வரைபடத்தில் தான் போட்ட கோட்டைத் தானே அடித்தார். எண்ணிப் பாருங்கள்! படைக்கே பாதை வகுத்தவர், ஓர் ஓட்டுநர் சொல்லுக்குத் தன் பாதையை மாற்றினார்!

ஒன்பது வண்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக, ஓயாமல் ஓடின. செவிலியர் சகோதரிகள் கையால் காற்றுப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கை மரத்தால் கை மாற்றினார்கள், விடவில்லை! கடைசி நோயாளி நாலரை மணிக்கு ஏறினார். ஐந்தேகாலுக்கு ஜெனரேட்டர் அறையில் தண்ணீர். ஆறு மணிக்கு, காலையில் கட்டில்கள் இருந்த இடத்தில் இடுப்பளவு வெள்ளம்!

கைதட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் ஒரு கணம் நிறுத்தி இதையும் கேளுங்கள். ஒரு பெரியவர் வழியிலேயே போய்விட்டார். என் வண்டியில்தான். இயக்குநர் அம்மாவும் ஆலோசகரும் அவருடைய மகளிடம் நேரில் போனார்கள். "நகர்த்தினதாலதான் போனாரான்னு எங்களுக்குத் தெரியலைம்மா. நகர்த்தலாம்னு சொன்னவன் நான்" என்றார் ஆலோசகர். அந்த மகள், "பக்கத்துக் கட்டில் அக்கா பிழைச்சுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். பிழைத்துவிட்டார் அம்மா. இதோ மூன்றாம் வரிசையில் நீங்களும் அந்த அக்காவும் அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

ஆகவே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தோள்பட்டை நட்சத்திரத்துக்காக எவரையும் ஆலோசகராக வைக்காதீர்கள்! நான் எங்கே தவறினேன் என்று சொல்லத் தெரிந்தவரை வையுங்கள். சொல்லிவிட்டு, முடிவை உரியவர் கையில் விடத் தெரிந்தவரை வையுங்கள். அவர் படையிலிருந்து வந்தால் என்ன, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் என்ன?

அவர் எழுதிய பரிந்துரை ஒன்று நேற்று ஆணையாக வந்துவிட்டது. இனி இந்த மருத்துவமனையில் வெள்ளமோ தீயோ வந்தால், பணியில் இருக்கும் வார்டு சகோதரியே நோயாளிகளை வெளியேற்ற உத்தரவிடலாம். எந்த ஃபோனுக்கும் காத்திருக்க வேண்டாம். யாரும் அவரைக் கேள்வி கேட்கவும் முடியாது.

இயக்குநர் அம்மா, அந்த ஆணையின் நகல்களை வார்டு சகோதரிகளுக்கு உங்கள் கையாலேயே கொடுங்கள். சகோதரிகளே, எழுந்து வாருங்கள். ஏன் தயங்குகிறீர்கள்? இது உங்கள் மேடை! தளபதி ஐயாவே எழுந்து நின்று உங்களுக்கு இடம் விடுகிறார், பாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், குறுக்கே குரல் கொடுத்த அந்தத் தம்பிக்கும் நன்றி சொல்லி, படியேறி வரும் இந்தப் புதிய தளபதிகளுக்கு முதல் வணக்கத்தை நானே வைத்து, ஒலிபெருக்கியை அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.