சல்லடைப் படத்தில் அலை தீர்த்த இசக்கிசெல்வி அம்மையாருக்கு

அன்பும் அறிவும் அளவின்றிப் பெற்று, பட்டறையின் பாரத்தைப் பல்லாண்டு பரிவுடன் சுமந்து, நெருக்கடி நேரத்திலும் நிதானம் நீங்காத நெஞ்சினராய் விளங்கிய அலுவலகப் பொறுப்பாளர் திருமதி இசக்கிசெல்வி அம்மையார் அவர்களுக்கு, தாராவிச் சல்லடைப் பட்டறைப் பணியாளர்கள் பணிவுடன் வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்,

பில் போட்டும் பார்சல் அனுப்பியும், இணையக் கடை திறந்தபின் நம் சரக்கைப் படமெடுத்து ஏற்றியும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே உழைத்துத் தாங்கள் இன்று விடைபெறுகிறீர்கள். மடலில் எதை எழுதலாம் என்று கூடிப் பேசினோம். எல்லோரும் ஒருவாய்ப்பட "அந்த அலை விவகாரம்" என்றோம். ஆனால் அது என்னவென்று எழுத உட்கார்ந்தபோது ஆளுக்கொன்று சொன்னோம். எங்களுக்கு விளங்கிய மட்டில் எழுதியிருக்கிறோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

சென்ற மழைக்காலத்தில், மைதா சலிக்கும் நுண்கண் சல்லடைகளைப் படமெடுத்து, சிறிதாக்கி, நம் இணையக் கடையில் ஏற்றினீர்கள். மறுநாளே, புனேவில் பேக்கரிச் சாமான் விற்கும் கடைக்காரர் போன் செய்தார். வலை கோணலாக இருக்கிறது என்று சொல்லி, தந்திருந்த ஆர்டரை நிறுத்திவைத்தார். நம் முதலாளி ஜெயினுலாப்தீன் அவர்கள் தம் போனில் படத்தைத் திறந்தார். குளத்தில் கல்லெறிந்தாற்போல், வட்டச் சல்லடைக்குள் கம்பிகள் வளையம் வளையமாக நெளிந்து கிடந்தன. வலையை வளையத்தில் இழுத்துக் கட்டுகிறவர் நம் மாரீஸ்வரி. அவரை அழைத்தார்.

"இழுத்துக் கட்டுறப்ப கை தளர்ந்திருக்கும்மா. கொஞ்ச நாளைக்கு நீ பார்சல் கட்டு."

"நேராத்தான கட்டுனேன் பாய்" என்று மாரீஸ்வரி ஒரு சல்லடையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. போனைப் பார்த்தார். நெளிந்தது. "எங் கையில நேரா இருக்கு, படத்துல கோணலா இருக்கு. எத நம்பன்னு தெரியலையேக்கா" என்று தங்களிடம் மட்டும் சொல்லிவிட்டு, வாசலோரம் அட்டைப்பெட்டிகளின் நடுவே போய் உட்கார்ந்தார். அன்றுமுதல் அவர் கயிறு கட்டும்போதும் அடிக்கடி நிறுத்தித் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டதை நாங்கள் கண்டோம்.

நாங்களும் குழம்பினோம். ஈரக்காற்றில் கம்பி இளகிவிட்டது என்றார் ஒருவர். டியூப்லைட் செய்யும் வேலை என்றார் மற்றொருவர். படத்தைப் பெரிதாக்கினால் அலை இல்லை, சிறிதாக்கினால் அலை. கணினியில் ஒரு மாதிரி, போனில் வேறு மாதிரி. சல்லடை மேசையில் அசையாமல் கிடக்க, கோணல் மட்டும் இடம் மாறிக்கொண்டிருந்தது.

"அந்தப் படத்த எடுத்துருங்கம்மா, வேற எதாச்சும் போடுவோம்" என்றார் முதலாளி.

"படத்த எடுத்துட்டா கடைக்காரர் மறந்துருவாரு பாய். மாரீஸ்வரி மறக்க மாட்டா" என்றீர்கள் தாங்கள்.

அதன்பின் தாங்கள் பட்ட பாட்டை நாங்கள் அருகிருந்து பார்த்தோம். வேறு வெளிச்சத்தில் எடுத்தீர்கள், அலை போகவில்லை. படத்தைக் கூர்மையாக்கினீர்கள், அலை கூடியது. "எனக்கும் ஒண்ணும் விளங்கல" என்று எங்கள் முன்னால் தயங்காமல் சொன்னீர்கள். பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எங்களுக்கு வியப்பாகவும், சற்றே ஆறுதலாகவும் இருந்தது.

அப்படியிருக்க ஒரு மத்தியானம், மாரீஸ்வரி பெட்டியில் வைக்கும் முன் இரண்டு சல்லடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அக்கா, இங்க வாங்க. அந்த அலை இங்கயும் இருக்கு" என்றார். எல்லோரும் ஓடிப் பார்த்தோம். இரண்டு வலைகளும் தனித்தனியே நேர். சேர்ந்தால் நடுவில் அலை. ஒன்றைச் சற்றுத் திருப்பினால் அலையும் கூடவே ஓடியது.

தாங்கள் சல்லடையைக் கீழே வைக்காமல் நெடுநேரம் நின்றீர்கள். பிறகு, "படமும் புள்ளிபுள்ளியா ஒரு வலைதானே. சின்னதாக்குனா இத்தன கம்பிக்கும் அதுல எடம் இல்ல. கம்ப்யூட்டர் சிலத எடுக்கு, சிலத விட்டுருது. அதான் இல்லாத நெளிவு தெரியுது" என்றீர்கள். முதலில் படத்தை இலேசாக மங்கலாக்கி, அதன்பிறகே சிறிதாக்கினீர்கள். போனும் கணினியும் தம்பாட்டுக்கு மீண்டும் சிறிதாக்காதபடி, இரண்டுக்கும் தனித்தனி அளவில் ஏற்றினீர்கள். அலை அடங்கிற்று. நல்ல படம் வேண்டுமென்றால் மங்கலாக்க வேண்டும் என்பது எங்களுக்கு அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம்.

புதிய படத்தோடு ஒரு சல்லடையையும் புனேவுக்கு அனுப்பினீர்கள். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சரக்கை அனுப்பச் சொன்னார். முதலாளி தங்கள் மேசைக்கு வந்து, "தப்பா நெனச்சிட்டேன்மா" என்றார்.

"எங்கிட்ட எதுக்கு பாய் சொல்லுதிய? அவ வாசல்ல இருக்கா" என்றீர்கள்.

அவர் போனார். ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு மாரீஸ்வரிக்கு எதிரே அமர்ந்தார். "உன் கட்டுல கோணல் இல்லம்மா. நான் படத்த நம்பிட்டேன்" என்றார்.

மாரீஸ்வரி கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "நானும் அதத்தான் பாய் நம்பிட்டேன்" என்றார். பிறகு எழுந்து தம் பழைய இடத்துக்குப் போனார்.

அம்மையீர், பொருளைக் காத்தவர் பலர். ஒருத்தி தன் கைமேல் வைத்த நம்பிக்கையைக் காத்தவர் தாங்கள். மகள் இருக்கும் அம்பர்நாத்தில் கண்ணொளி குன்றாது, கால்வலி அணுகாது, உண்பது செரித்து, உறக்கம் நிறைந்து, உற்றார் சூழ நீடு வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். ஒரே ஒரு விண்ணப்பம். மங்கலாக்குவது முதலா, சிறிதாக்குவது முதலா என்று போன வாரமும் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. நாங்கள் போன் செய்தால் எடுத்தருள வேண்டும்.

தங்கள் நலம் நாடும்
சல்லடைப் பட்டறைப் பணியாளர்கள்
தாராவி, மும்பை