முப்பதில் ஒன்று விழாது

“ஏண்டி அந்தக் கீயைப் போட்டு இப்படிக் குத்துறே? நான் என்ன சொல்லிக்குடுத்தேன், பூவைத் தொடுற மாதிரி…”

“குத்தலை மனாங். முதல்ல தொடத்தான் செஞ்சேன். விழலை, அதனாலதான்…”

“தொட்டாலே விழும். விழுற மாதிரிதானே செஞ்சு வெச்சிருக்கேன்.”

“தொட்டேன்னு சொல்றேன்ல. ‘ஈ’ விழலை. நீயே பாரு, பேஷண்ட்னு அடிச்சா நடுவுல ஒரு எழுத்தைக் காணோம்.”

“அப்போ உன் விரல்லதான் ஏதோ கோளாறு.”

ஊர்த் தலைவரே, என் வாக்குமூலத்தை இந்தச் சண்டையிலிருந்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நடந்தது டிசம்பர் முதல் வாரத்தில், காலைக் காப்பிக்கு முன்னால். மனாங் என்பது நான். அக்காவை வேறு எப்படிக் கூப்பிடுவாள். அவளை நான் இன்டாய் என்பேன். ரோவெனா என்ற பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் எழுத்தர் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு தட்டச்சு செய்கிறார். அப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் வலி வரும். கையை அந்தரத்தில் வையுங்கள் ஐயா. ஆமாம், அப்படித்தான். முப்பது வருஷம் ஜாரோவில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள் நான். யார் கை நோவதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்டாய்க்கு ஒன்பது வயதில் அம்மா போனாள். அப்போது எனக்கு இருபத்தெட்டு. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரியது, சீருடை தைத்தது, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டது எல்லாம் நான்தான். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தருவது அவள் வேலை. நாளைக்குப் பத்து மணி நேரம். போன வருஷம் சுண்டுவிரல் இரண்டும் வீங்கிப்போயின. சோற்றுக் கரண்டியைப் பிடிக்கும்போது முகத்தைச் சுளித்தாள்.

கீபோர்டின் வயிற்றுக்குள் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. எதைத் தொட்டால் எது விழ வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்கிற நிரலை ஃபர்ம்வேர் என்பார்கள். அதை மாற்றி எழுதலாம் என்று இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இரண்டாகப் பிளந்த கீபோர்டு ஒன்றை வரவழைத்தேன். சுண்டுவிரல் வேலையையெல்லாம் கட்டைவிரலுக்கு மாற்றினேன். டாக்டர்கள் ஓயாமல் சொல்லும் நீள வாக்கியங்களை ஒரே தொடலில் விழும்படி வைத்தேன். மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்தது.

“மனாங், இந்தக் கீபோர்டுக்குச் செய்யுற சேவையை எவனாவது ஒருத்தனுக்குச் செஞ்சிருந்தா, இந்நேரம் நீ பேரப்பிள்ளை எடுத்திருப்பே.”

“எவனுக்கு இத்தனை பொத்தான் இருக்கு?”

அன்று அவள் லாபாஸ் சந்தையிலிருந்து பாட்சோய் நூடுல்ஸ் வாங்கிவந்தாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அந்த நாளை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் தலைவரே. நான் நல்லது செய்தேன் என்பதற்கு அது சாட்சி.

நவம்பரில் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. ஹாலிஃபாக்ஸில் ஒரு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவு வேலை. மார்ச்சில் வந்து சேர வேண்டும்.

“மூணே வருஷம் மனாங். அப்புறம் உன்னையும் கூட்டிக்கிறேன்.”

“அங்க பனி கொட்டும்.”

“கம்பளி வாங்கித் தர்றேன்.”

“கருவாடு கிடைக்காது.”

“கருவாட்டுக்காக ஒருத்தி தங்கச்சியை வீட்டுலயே கட்டிப்போடுவாளா?”

நான் கோபப்படவில்லை. வாழ்த்துச் சொன்னேன். மறுநாள் மதியம் அவள் விசா வேலையாக வெளியே போயிருந்தபோது, ஒத்திகையாக மேசையில் ஒரு தட்டு மட்டும் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். மார்ச்சிலிருந்து அப்படித்தானே. முதல் வாய் சோறு தொண்டையில் நின்றுவிட்டது. இறங்கவுமில்லை, வெளியே வரவுமில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்துக்குள் நெடுநேரம் அழுதேன். பிறகு முகம் கழுவி, இரண்டாவது தட்டை எதிரில் கொண்டுவந்து வைத்தேன். அது காலியாக இருந்தாலும் சோறு இறங்கியது. ஒத்திகை ஐந்து நாள் நடந்தது. ஐந்து நாளும் இதே கதைதான்.

ஆறாம் நாள் நிரலில் எட்டு வரி சேர்த்தேன்.

இடதுகை நடுவிரலுக்கு உரியது ‘ஈ’. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து அதுதான். ஐம்பது முறை அழுத்தினால் ஒரு முறை விழாது. அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காத மாற்றம் அது. எழுத்து விழாவிட்டால் மனிதர்கள் அடுத்த முறை ஓங்கி அழுத்துவார்கள், அது அவரவர் இயல்பு. முப்பது வருஷம் மாணவிகளிடம் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் ஐம்பதை முப்பது ஆக்கினேன்.

“என் விரலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது மனாங்.”

“ரொம்ப வேலை செஞ்சுட்டே. டாக்டரைப் பாக்கலாம்.”

“ராத்திரி கை மரத்துப்போற மாதிரி இருக்கு.”

“இருக்கும். இருக்கும்.”

டாக்டர் செலிஸ் நல்லவர். நரம்புச் சோதனையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றார். நான் பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். ஆறு வாரம், ஒவ்வொரு நாளும் எத்தனை எழுத்து தவறியது என்று தேதி போட்டு எழுதியிருந்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. நோயாளியுடன் வருகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் குறித்துவந்து பார்த்ததில்லை என்று அவர் மெச்சினார். இடது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக முடிவுக்கு வந்தார். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அறுவை சிகிச்சை. கத்தியைப் பிடித்தது நானில்லை.

இன்டாய் இடதுகைக்காரி. இதைச் சொல்ல விட்டுப்போனது.

இரண்டு வாரம் ஊட்டிவிட்டேன். தலை வாரினேன், ரவிக்கைப் பொத்தான் போட்டேன். ஒன்பது வயதில் இருந்தது போலவே என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு வீடு நிறைந்திருந்தது. அப்போது, அவள் தவணை கேட்டு எழுதியிருந்ததற்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து பதில் வந்தது. அவசரமில்லை, கை ஆறட்டும், ஜூன் வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவு இரக்கமுள்ளவர்களாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆறு வாரம் கீபோர்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் வாரமே எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

“டாக்டர் வேணாம்னாரே மனாங்.”

“விரலைச் சும்மா வெச்சா இறுகிப்போகும். உனக்கு ஜூன்ல போகணுமா வேண்டாமா?”

போக வேண்டும் என்றுதான் அவள் அடித்தாள். நாளைக்கு ஐந்நூறு அழுத்தல். விழாதபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தாள். ஐந்தாம் நாள் தையல் விட்டது. பிறகு சீழ் பிடித்தது. மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். அதற்குள் நரம்பு போய்விட்டிருந்தது. மூன்று விரல் மடங்கினது மடங்கினதுதான். ஹாலிஃபாக்ஸுக்குக் கடிதத்தை நான்தான் எழுதினேன், மரியாதையாக, அவள் சார்பில்.

போன செவ்வாய்க்கிழமை நான் அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் டிக், டிக் என்று சத்தம். வலதுகை ஆள்காட்டி விரலால், ‘ஈ’யை மட்டும், வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்துகிறாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நிறுத்தினாள். மறுபடி ஒன்றிலிருந்து. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நான் தீயைக் குறைத்தேன். மூன்றாம் முறையும் எண்ணி முடித்துவிட்டு எழுந்துவந்து வாசற்படியில் நின்றாள்.

“மனாங், என் வலது கையிலயும் கோளாறா?”

கருவாடு கருகிவிட்டது.

என் தவறு எது என்று பல முறை யோசித்துவிட்டேன் தலைவரே. முப்பதுக்கு ஒன்று என்று அளந்து வைத்தேன். இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று கலைத்துப்போட்டிருந்தால் யாருக்கும் பிடிபட்டிருக்காது. அதையும் எழுதத் தெரியும் எனக்கு. ஆனால் ஒழுங்கில்லாத வேலை எனக்குக் கை வராது. மற்றபடி, அவள் விரல் நோகக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில்தான் அந்தக் கீபோர்டைத் தொட்டேன். எட்டு வரியும் நான் எழுதியவை. பட்டியல் நான் கொடுத்தது. மூன்றாம் வாரம் மடியில் வைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

இன்டாய் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வந்ததிலிருந்து என் பக்கம் பார்க்கவில்லை. இடது கையை மடியில், துணிப் பொட்டலம் போல வைத்திருக்கிறாள். ரவிக்கையில் மேல் பொத்தானைத் தவறான துளையில் போட்டிருக்கிறாள். இன்று தானே போட்டுக்கொண்டாள் போல. அவளிடம் ஒரே ஒரு வார்த்தை பேச அனுமதி கொடுங்கள்.

“இன்டாய், வலது கை மட்டும் போதுற மாதிரி ஒரு கீபோர்டு உனக்கு வெச்சிருக்கேன்டி, எல்லா எழுத்தும் விழும், ஒண்ணுகூடத் தவறாது, பிப்ரவரி ரெண்டாம் தேதி கந்தெலாரியா திருவிழாவுக்கு முன்னாடியே, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே செஞ்சு முடிச்சுட்டேன்… வா, வீட்டுக்குப் போலாமா?”