நீலச் சட்டை அணிந்திருந்தார்

யாருக்குமே தங்கள் சொந்த நிறம் பிடிப்பதில்லை, சார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கல்யாணப் படமோ கம்பெனி அடையாள அட்டையோ, எது வந்தாலும் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுப்பேன். மாற்ற வேண்டிய இடத்தைச் சுற்றி முதலில் ஒரு கோடு போட வேண்டும். எறும்புச் சாரை மாதிரி அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் என்ன செய்தாலும் வெளியே ஒரு புள்ளிகூடக் கலங்காது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

என் மாமனார் ஞாபகம் தப்பிப்போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். நல்ல மனிதர். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையில் வரும் ஒவ்வொரு முகத்தையும் காட்டி, "மாப்ளே, இது யாரு? நம்ம ஆளா?" என்பார்.

"இல்ல மாமா, கஸ்டமர்."

அடுத்த நிமிடம் அதே முகம், அதே கேள்வி. சில சமயம் ஆர்வம் தாங்காமல் மௌஸையே பிடித்துக்கொள்வார். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். "எங்கப்பாவுக்கு இவரு மருமகன் இல்ல, மகன்" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டவள் அவள்.

அன்று அவள் ஆபீஸ் போயிருந்தாள். நான் ஒரு மணப்பெண்ணின் தலைமுடியைப் பின்னணியிலிருந்து இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவருக்காக வாசல் கதவை உள்பக்கம் பூட்டி வைப்பது வழக்கம். அன்று பூட்டவில்லை. திறந்தது அவர்தான், எனக்குச் சத்தம் கேட்டது. முடி வேலையைப் பாதியில் விட முடியாது, சார்.

சாயங்காலம் மனைவி அழுதுகொண்டே கேட்டாள். "என்ன சட்டை போட்டிருந்தாரு?"

போட்டிருந்தது வழக்கமான கடுகு நிறச் சட்டை. துவைக்கக்கூடக் கழற்றித் தர மாட்டார். "நீ வாங்கிக் குடுத்தியே, அந்த நீலச் சட்டை" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. பீரோவில் இருந்த நீலச் சட்டையைப் பிறகு எடுத்து என் பைக் பெட்டிக்குள் வைத்தேன்.

"அப்ப 'காணவில்லை' போஸ்டர்ல போடுற போட்டோவுலயும் நீலமா மாத்திடுங்க. ஜனங்க மொதல்ல சட்டையத்தான் பார்ப்பாங்க" என்றாள். யோசனை அவளுடையது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டையைச் சுற்றிக் கோடு போட்டேன், நிறத்தை நகர்த்தினேன். அதோடு கை நிற்கவில்லை. காதோரத்துத் தீத்தழும்பை எடுத்தேன். முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம், தலைக்குக் கொஞ்சம் கறுப்பு.

"அப்பா இவ்ளோ செவப்பாவா இருக்காரு?"

"பிரிண்ட்ல கறுத்துடும்மா."

தழும்பைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. பழகிய முகத்தில் இல்லாததையும் கண் தானாக நிரப்பிக்கொள்கிறது.

அவர் பேருந்து நிலையத்து டீக்கடைப் பெஞ்சிலேயே இருந்திருக்கிறார். கடைக்கார அம்மா உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். "அத்தன நாளும் அவருக்கு டீயும் பன்னும் நான்தாங்க குடுத்தேன். செவுத்துல இருந்த போஸ்டர அவரே பாத்துட்டு, 'பாவம், யாரு வீட்டுப் பெரியவரோ, சீக்கிரம் கெடைக்கட்டும்'னாரு." ஒருநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. கடுகு நிறச் சட்டையோடுதான் தூக்கிப் போனார்கள்.

ஆமாம் சார். கதவைப் பூட்டாமல் விட்டது நான். சட்டையை மாற்றிச் சொன்னது நான். அவர் திரும்பி வர வேண்டாம் என்றுதான் அந்த முகத்தில் கை வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரை நான் ஒளித்துவிட்டேன் என்று என் மனைவி சொல்கிறாளாம், அது நியாயமில்லை. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டியவன் நான். ஒளிக்க நினைக்கிறவன் ஊர் முழுக்க ஒட்டுவானா? பேருந்து நிலையத்தில் கடைசிப் போஸ்டரை ஒட்டும்போது, அவர் அந்தப் பெஞ்சில்தான் படுத்திருந்தார். குழந்தை மாதிரி அசந்து தூங்கினார். எழுப்ப மனம் வரவில்லை, சார்.