வினோவின் சிவப்புப் பொட்டு

டீசல் வாடை சோப்புக்குப் போகாது சார். தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, மேலே அரப்புத்தூள் போட்டுக் கழுவினால்தான் போகும். இங்கே வந்ததிலிருந்து டீ கிளாஸைத் தூக்கும்போதெல்லாம் கை நாறுகிறது. ஸ்டேஷனில் அரப்பு கிடைக்காதென்று தெரியும், சும்மா சொன்னேன். நீங்கள் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எல்லையோர வடகரப்பதிக்காரனுக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் வரும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

என் பெயர் தனபால். எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஆனால் தோப்பைப் பார்த்து இன்றைக்கு எவனும் பெண் கொடுப்பதில்லை. யோகப்பிரியா வீட்டில் நேராகவே சொல்லிவிட்டார்கள், நிரந்தர வேலை கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம் என்று. அதனால்தான் வாளையாரில் அந்த லாரிப் பட்டறையில் டீசல் மெக்கானிக் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். தொழிலும் கற்றுக்கொடுப்பார்கள், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். என்னோடு சேர்ந்தவன் வினோ, மூணாறு எஸ்டேட்காரன். பயிற்சி முடிந்ததும் இருவரில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வோம் என்று ஃபோர்மேன் ராஜசேகர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

வினோ கெட்டவன் என்று சொல்லமாட்டேன். "அண்ணே, இத நான் பாத்துக்கிடுதேன், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்பான். ஒருத்தன் காரணமில்லாமல் இவ்வளவு நல்லவனாக இருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. சாப்பிட்டு வந்து, அவன் தொட்ட இடத்தையெல்லாம் மறுபடி ஒருதரம் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பேன். எல்லாம் சரியாகவே இருக்கும். சரியாக இருக்கிறதே என்று இன்னும் சந்தேகம் கூடும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை முறுக்கி முடித்தவன், தன் நிற நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுக்க வேண்டும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும். நட்டு இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு வைப்பது என்போம். எனக்கு மஞ்சள், வினோவுக்குச் சிவப்பு. ஒருவன் பொட்டை இன்னொருவன் தொடக்கூடாது. வண்டி எங்கே போய் நின்றாலும், பொட்டைப் பார்த்து யார் வேலை என்று சொல்லிவிடலாம்.

கடைசி மாதம் அவன் போக்கு மாறியது. ஃபோர்மேனோடு தனியாக நின்று பேசுவான், நான் கிட்டே போனால் நிறுத்திக்கொள்வான். ஊரிலிருந்து ஏலக்காய் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான், அது கண்துடைப்பு. போன் வந்தால் கம்ப்ரெசருக்குப் பின்னால் போய்விடுவான்.

"என்றா ரகசியம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே, அம்மாட்ட பேசுதேன்" என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். இடம் அவனுக்கென்று முடிவாகிவிட்டது, எனக்குத்தான் கடைசியில் சொல்லப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். எனக்கு வயிறு எரிந்தது சார், அதை மறைக்கவில்லை.

அப்புறம், மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறேன் என்றான். திருவிழாவுக்குப் போகிறவன் எதற்கு டிரங்குப் பெட்டியை அடுக்கிக் கட்ட வேண்டும்?

பட்டறையில் ஒரு சிமெண்ட் லாரி நின்றது. அதன் ஸ்டியரிங் ராடு வேலையை வினோதான் முடித்துப் பொட்டு வைத்திருந்தான். நான் நினைத்தது சின்ன விஷயம். வினோ முறுக்கிய நட்டு இளகிக் கிடந்தது என்று ஃபோர்மேன் காதுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். விடிகாலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில் இளக்கினேன். விலகிய கோட்டை டீசலில் துடைத்துவிட்டுப் புதிதாகச் சிவப்பு வைத்தேன். வினோவின் பாட்டிலை நான் தொடவில்லை. தொட்டால் கண்டுபிடித்துவிடுவான், அவனும் என்னைச் சந்தேகப்படுகிறவன்தான் என்று நினைத்தேன். என் தங்கை செல்வப்பிரியாவின் பாட்டிலை முந்தின நாளே பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன்.

லாரியை ஓட்டியவர் பொங்கியண்ணன். நல்ல மனிதர்.

"ஏனுங்ணா, மலைக்குத்தான போறீங்க? வினோவையும் ஏத்திக்கோங்ணா. பஸ்ஸுல பொட்டியோட சிரமப்படுவான்" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, பேச்சுத்தொணைக்கு ஆச்சு" என்றார்.

பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். வினோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நல்லா இருங்கண்ணே" என்றான். திருவிழாவுக்குப் போகிறவன் பேசுகிற பேச்சா அது? அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மறையூர் தாண்டி ஒரு வளைவில் லாரி திரும்பவில்லை. இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். நட்டு கழன்று விழுந்திருந்தது, ராடில் பாதிப் பொட்டு மட்டும் மிச்சம். சிவப்பு என்றதும் யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. வினோவின் அம்மா கத்தரீனாள் மூணாறிலிருந்து வந்து, பொங்கியண்ணனின் மனைவி மருதாத்தாள் காலில் விழுந்தார். "எம்புள்ள அசந்து போய்ச் செஞ்சிட்டாம்மா, மன்னிச்சிருங்க" என்று அழுதார். மருதாத்தாள், "எந்திரிங்க, உங்களுக்கும் புள்ள போயிருச்சில்ல" என்றார். கத்தரீனாளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது நான்தான். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த வாரமே என் வேலை நிரந்தரமானது.

பிறகு ராஜசேகர் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் வினோவின் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலை வைத்தார்.

"வினோ உனக்குக் குடுக்கச் சொன்னது. கெளம்பறப்பவே குடுத்துட்டான். அவன் திருவிழாவுக்குப் போகல தனபாலு, ஊரோடயே போயிரலாம்னுதான் கெளம்புனான். அங்க எஸ்டேட் ஃபேக்டரில வேலை ஆயிருச்சு. இந்த எடத்தைத் தனபாலண்ணனுக்கே குடுங்கன்னான். உட்டுக்குடுத்து வந்த எடம்னு உனக்குத் தோணீரக் கூடாதாம். போற வரைக்கும் சொல்லாதீங்கன்னுட்டான்."

அவர் பாட்டிலை வெயில் படுகிற பக்கமாகத் திருப்பினார்.

"இதுல ஜிகினா இல்ல. ராடுல இருந்த பொட்டு மினுங்குச்சே, அதெப்படி?"

செல்வப்பிரியாவின் பாட்டிலில் ஜிகினா உண்டு. விடிகாலை மங்கலில் எனக்கு அது தெரியவில்லை. அவர் உங்களுக்குச் சொன்னார், நீங்கள் வந்தீர்கள்.

இப்போது ஒன்று கேட்டீர்கள். ஃபோர்மேன் காதுக்குப் போவதுதான் நோக்கமென்றால், விலகிய கோட்டை அப்படியே விட்டிருக்கலாமே, எதற்குத் துடைத்துப் புதிதாக வைத்தாய் என்று. நியாயமான கேள்வி. விட்டிருந்தால் பட்டறையிலேயே யாராவது பார்த்து முறுக்கியிருப்பார்கள். அந்த லாரி மலைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் நட்டைத் தொட்டேன். வினோவை அதில் ஏற்றிவிடுவது என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். ஆமாம், ஓட்டப்போவது பொங்கியண்ணன் என்றும் தெரியும். வண்டி தானாக ஓடாதல்லவா? இருவரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். வினோ என்னிடம் எதையோ மறைக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும். மறைக்கத்தானே செய்திருக்கிறான் சார். என் சந்தேகம் தப்பாகவில்லை.